நள்ளிரவில் இணையும் தடங்கள்

நுழையும்முன்

நகரம் உறங்கத் தொடங்கும் வேளையில்தான் பலருடைய பணி முடிகிறது. மாலைப்பணி முடித்த செவிலியர், உணவகப் பணியாளர், துப்புரவுப் பணியாளர், கடைகளை அடைத்துவிட்டு வரும் ஊழியர் ஆகியோர் வீடு திரும்பும் நேரத்தில் தொடர்வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. ஒரு வண்டியிலிருந்து இறங்கி மற்றொரு வண்டியில் ஏற வேண்டிய பயணியரை அவ்வேளையில் காப்பது நன்கு வகுக்கப்பட்ட கால அட்டவணை. அதன் பின்னே இருக்கும் கணக்கையும் அக்கணக்கின் பின்னே இருக்கும் மனிதநேயத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பகலின் மூன்று நிமிடமும் இரவின் இருபது நிமிடமும்

பெருநகரங்களின் மெட்ரோ தொடர்வண்டிகள் காலை, மாலை நெரிசல் நேரங்களில் மூன்று நிமிடத்திற்கு ஒன்று எனவும் அதனினும் விரைவாகவும் இயங்குகின்றன. அந்நேரத்தில் கால அட்டவணையைத் தேடிப் பார்ப்போர் அரிதினும் அரிது. ஒரு வண்டி தவறினால், பெருமூச்சு விட்டு நிமிர்வதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். சந்திப்பு நிலையத்தில் வண்டி மாறுவோருக்கும் இதே நிலைதான். எந்த வண்டி எப்பொழுது வந்தாலும் இழப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

இரவு பத்து மணிக்குப் பின்னர் நிலைமை மாறுகிறது. பயணியர் குறைவதால் வண்டிகளும் குறைக்கப்படுகின்றன. இடைவெளி பத்து, பதினைந்து, இருபது நிமிடம் என நீள்கிறது. பகலில் பொருட்படுத்தத் தகாததாக இருந்த ஒரு நிமிடத் தாமதம் இரவில் இருபது நிமிடக் காத்திருப்பாக வளர்கிறது. வெறிச்சோடிய நடைமேடையில் தனியே காத்திருக்கும் ஒருவருக்கு அந்த இருபது நிமிடம் அச்சத்தையும் சேர்த்தே தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சந்திப்பு நிலையத்தில் இரு வழித்தடங்கள் கூடுகின்றன எனக் கொள்வோம். இரண்டிலும் இருபது நிமிடத்திற்கு ஒரு வண்டி. முதல் தடத்தின் வண்டி 10.03, 10.23, 10.43 மணிக்கு வந்து சேர்கிறது. இரண்டாம் தடத்தின் வண்டி 10.02, 10.22, 10.42 மணிக்குப் புறப்படுகிறது. 10.03 மணிக்கு வந்திறங்கும் பயணி 10.22 மணிவரை, அதாவது பத்தொன்பது நிமிடம், காத்திருக்க நேரிடுகிறது. இது என்றோ ஒருநாள் நேர்ந்த தற்செயல் நிகழ்வன்று. இரு தடங்களும் ஒரே இடைவெளியில் இயங்குவதால், ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வோர் இரவும் அந்த இணைப்பு அதே ஒரு நிமிடத்தில் தவறிக்கொண்டே இருக்கும்.

இப்பொழுது இரண்டாம் தடத்தின் அட்டவணையை நான்கு நிமிடம் தள்ளி வைத்தால், வண்டிகள் 10.06, 10.26, 10.46 மணிக்குப் புறப்படும். காத்திருப்பு மூன்று நிமிடமாகச் சுருங்கும். இதற்குப் புதிய வண்டி தேவையில்லை. கூடுதல் ஓட்டுநர் தேவையில்லை. மின்சாரச் செலவும் மிகுவதில்லை. தாளில் எழுதப்பட்ட எண்களை மாற்றியதாலேயே பதினாறு நிமிடம் மீண்டு வருகிறது. வண்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்க இயலாத இரவு நேரத்தில் கால அட்டவணையை ஒருங்கிணைப்பதே பயணியருக்குச் செய்யத்தக்க பேருதவி என்பது இதனால் விளங்கும்.

இடைவெளிகளின் ஒத்திசைவு

நேரத்தைத் தள்ளி வைப்பதற்கு முன்னர் ஒரு நிபந்தனை நிறைவேற வேண்டும். இரு தடங்களின் இடைவெளிகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு தடத்தில் பதினைந்து நிமிடத்திற்கு ஒரு வண்டியும் மற்றொன்றில் இருபது நிமிடத்திற்கு ஒரு வண்டியும் ஓடினால், 10.00 மணிக்குச் சந்தித்த வண்டிகள் மீண்டும் 11.00 மணிக்குத்தான் சந்திக்கும். பதினைந்துக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு அறுபது அன்றோ! இடையில் வரும் பயணியர் அனைவரும் ஏதோ ஓர் அளவில் காத்திருந்தே ஆக வேண்டும்.

ஆகவே, இரவு அட்டவணையை வகுப்போர் எல்லாத் தடங்களுக்கும் ஒரே இடைவெளியைத் தேர்ந்தெடுக்க முயல்கின்றனர். இயலாவிடின் ஒன்று மற்றொன்றின் மடங்காக அமையுமாறு பத்தும் இருபதும், பதினைந்தும் முப்பதும் என வகுக்கின்றனர். ஒரு தடத்தில் மட்டும் வண்டிகளைச் சற்றுக் கூட்டுவது நன்மை போலத் தோன்றினாலும், அது பிற தடங்களோடு உள்ள இணைப்பைக் குலைத்துவிடக்கூடும்.

தடங்கள் குறையும்போது

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இயங்கும் ‘பார்ட்’ என்னும் விரைவுத் தொடர்வண்டி அமைப்பு 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று தொடங்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களால் அதன் முதன்மை வழித்தடங்கள் குறிக்கப்படுகின்றன. பகலில் ரிச்மண்ட் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவிற்குச் செல்பவர் சிவப்புத் தடத்து வண்டியில் ஏறினால் இறங்காமலேயே சென்று சேரலாம்.

இரவில் சிவப்பு, பச்சைத் தடங்கள் நிறுத்தப்பட்டு ஏனைய மூன்று மட்டும் இயங்குகின்றன. அப்பொழுது ரிச்மண்டிலிருந்து வருபவர் ஆரஞ்சுத் தடத்து வண்டியில் ஏறி, ஓக்லாந்து நகரின் மெக்கார்தர் நிலையத்தில் மஞ்சள் தடத்து வண்டிக்கு மாற வேண்டும். நேரடி வண்டியை இழந்த பயணியருக்கு ஈடாகத் தரப்படுவது உறுதியான இணைப்பு. இரு வண்டிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே நடைமேடையின் இருபுறமும் வந்து நிற்குமாறு அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. எதிர்த்திசையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து திரும்புவோருக்குப் பத்தொன்பதாம் தெரு நிலையம் மாறும் இடமாக அமைந்துள்ளது.

இதில் ஒரு பொதுவிதி அடங்கியுள்ளது. தடங்களைக் குறைக்குந்தோறும் வண்டி மாறுவோர் பெருகுகின்றனர். வண்டி மாறுவோர் பெருகுந்தோறும் இணைப்பின் பொறுப்பும் கூடுகிறது. இணைப்பை ஒழுங்குபடுத்தாமல் தடங்களை மட்டும் குறைத்தால், அச்சிக்கனத்தின் சுமை முழுவதும் பயணியர் தோளில் ஏறிவிடும்.

நடைமேடையின் துணை

அட்டவணையில் இரண்டு நிமிட இணைப்பு என எழுதிவிடுவது எளிது. அந்த இரண்டு நிமிடத்திற்குள் மூன்று மாடி ஏறி, நெடிய நடைபாதையைக் கடந்து, மீண்டும் படியிறங்க வேண்டுமாயின் அவ்விணைப்பு தாளில் மட்டுமே வாழும். முதியோர், கைக்குழந்தையோடு வருவோர், சக்கர நாற்காலியில் வருவோர் ஆகியோரின் நடைவேகமே இணைப்பு நேரத்திற்கு அளவுகோலாக அமைய வேண்டும்.

இதனை உணர்ந்த பொறியாளர்கள் சில நிலையங்களைக் கட்டும்போதே வண்டி மாறுவோரை மனத்திற்கொண்டனர். பெர்லின் நகரின் மேரிங்டாம் சுரங்க நிலையத்தில் ஆறாம், ஏழாம் வழித்தடங்களில் ஒரே திசையில் செல்லும் வண்டிகள் ஒரே நடைமேடையின் இருபுறமும் நிற்கின்றன. பயணி சில அடிகள் குறுக்கே நடந்தால் போதும். வார இறுதி இரவுகளில் பதினைந்து நிமிடத்திற்கு ஒரு வண்டி என ஓடும் அந்நகரில் இச்சில அடிகளின் அருமை தனித்து விளங்குகிறது. 1968ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய இலண்டன் விக்டோரியா வழித்தடமும் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் உள்ளிட்ட பல நிலையங்களில் இவ்வாறே குறுக்கே நடந்து மாறும் வகையில் திட்டமிடப்பட்டது. கட்டடக் கலையும் கால அட்டவணையும் கைகோக்கும்போதுதான் இணைப்பு முழுமை பெறுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஊருக்கு ஊர் கடிகாரம் வேறுபட்டால் எந்த அட்டவணையையும் ஒருங்கிணைக்க இயலாது. தொடர்வண்டிகள் பெருகிய பின்னரே நாடுகள் பொதுவான நேரத்தை ஏற்கத் தொடங்கின. இந்தியாவில் தொடர்வண்டிகள் தொடக்கக் காலத்தில் ‘சென்னை நேரம்’ எனப்பட்ட நேரத்தைப் பின்பற்றின. அது சென்னை வானாய்வகத்தின் கணிப்பை அடிப்படையாகக் கொண்டது. 1906ஆம் ஆண்டு இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

இரு திசைக்கும் ஒரு நீதி

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டாம் தடத்தை நான்கு நிமிடம் தள்ளியபோது வீட்டிற்குச் செல்வோருக்கு இணைப்புக் கிடைத்தது. எதிர்த்திசையில் வருவோரின் நிலை என்ன? ஒரு திசையில் இணைப்பைச் சரிசெய்யும் மாற்றம் மறுதிசையில் அதனைக் கெடுத்துவிடுவதும் உண்டு. இச்சிக்கலுக்கு நாடளாவிய தீர்வு கண்ட நாடுகளுள் முதன்மையானது சுவிட்சர்லாந்து. நெடுந்தொலைவு வண்டிகளுக்காகக் காணப்பட்ட அத்தீர்வு நகரத் தொடர்வண்டிகளுக்கும் பொருந்துவதாகும்.

1982ஆம் ஆண்டு மே மாதத்தில் சுவிட்சர்லாந்து நாடு முழுவதும் சீரிடைவெளிக் கால அட்டவணையை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு மணி நேரமும் அதே நிமிடத்தில் வண்டி புறப்படும் என்பதே அதன் அடிப்படை. 8.02 மணிக்கு ஒரு வண்டி உண்டெனில் 9.02 மணிக்கும் 10.02 மணிக்கும் உண்டு. பயணி ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

இவ்வொழுங்கிலிருந்து மற்றோர் உண்மை வெளிப்பட்டது. ஒரு தடத்தில் மணிக்கு ஒரு வண்டி இரு திசையிலும் ஓடினால், செல்லும் வண்டி எதிரே வரும் வண்டியை ஒவ்வொரு அரைமணி நேரத்திற்கும் ஒருமுறை சந்திக்கும். அதாவது, சந்திப்புகளுக்கிடையே உள்ள நேரம் இடைவெளியில் பாதி. அச்சந்திப்பு பெரிய நிலையங்களில் நிகழுமாறு செய்துவிட்டால், எல்லாத் திசை வண்டிகளும் ஒரே நேரத்தில் அங்கே கூடும். பயணியர் எத்திசையிலிருந்தும் எத்திசைக்கும் மாறலாம். பின்னர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து செல்லும். இருபது நிமிட இடைவெளியில் ஓடும் நகர வண்டிக்கு இச்சந்திப்பு பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிகழும்.

இதற்கு இரு பெரிய நிலையங்களுக்கிடையே உள்ள பயண நேரம் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ சற்றுக் குறைவாக இருத்தல் வேண்டும். பெர்ன் நகருக்கும் சூரிக் நகருக்கும் இடையே பயண நேரம் ஒரு மணி நேரத்தைக் கடந்திருந்தது. 1987ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட திட்டத்தின்படி மாட்ஸ்டெட்டன், ரோத்ரிஸ்ட் ஆகிய ஊர்களுக்கிடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளப் புதிய பாதை அமைக்கப்பட்டு, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. பயண நேரம் 56 நிமிடமாகக் குறைந்தது. அதனை மேலும் குறைக்கும் போட்டியில் அந்நாடு இறங்கவில்லை. இரு நிலையங்களிலும் மணி நிறைவதற்குச் சற்று முன்னர் வண்டிகள் கூட வேண்டும் என்னும் நோக்கம் நிறைவேறியதே போதுமானதாக இருந்தது. வண்டிக்கு வேண்டிய வேகத்தை அட்டவணையே முடிவு செய்தது என்பது இதன் சிறப்பாகும்.

காத்திருப்பதா, புறப்படுவதா?

எத்துணைச் செம்மையாக வகுத்தாலும் வண்டிகள் சில வேளை தாமதமாகும். அப்பொழுது இணைப்பு வண்டி காத்திருக்க வேண்டுமா, குறித்த நேரத்தில் புறப்பட வேண்டுமா என்னும் வினா எழுகிறது. இது கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் சில நொடிகளில் விடைகாண வேண்டிய வினா.

இணைப்பு வண்டியில் அறுபது பேர் அமர்ந்திருக்கின்றனர். தாமதமாகும் வண்டியில் நால்வர் மாற வேண்டியவர்கள் எனக் கொள்வோம். இரண்டு நிமிடம் காத்திருந்தால் அறுபது பேருக்கும் இரண்டிரண்டு நிமிடம், ஆக 120 நிமிடம் வீணாகும். காத்திராமல் சென்றால் நால்வருக்கும் இருபது நிமிடம் வீதம் 80 நிமிடம் வீணாகும். கூட்டல் கணக்கு ‘புறப்படுக’ என்கிறது. ஆயினும், அறுபது பேர் அமர்ந்த நிலையில் இழக்கும் இரண்டு நிமிடமும், நால்வர் ஆளரவமற்ற நடைமேடையில் இழக்கும் இருபது நிமிடமும் ஒரே தராசில் வைக்கத்தக்கனவா? மறுபுறம், அந்த அறுபது பேருள் பத்துப் பேர் அடுத்த நிலையத்தில் வேறொரு வண்டியைப் பிடிக்க வேண்டியவர்களாக இருந்தால், இங்கே காட்டிய இரக்கம் அங்கே பத்துப் பேரின் இணைப்பைப் பறித்துவிடும். இதனால்தான் எந்த வண்டி, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்னும் வரம்பை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது சிறந்த நடைமுறையாகிறது.

நியூயார்க் நகரச் சுரங்கத் தொடர்வண்டி நாள் முழுவதும் இயங்குவது. நள்ளிரவுக்குப் பின்னர் அதன் தடங்களில் பெரும்பாலும் இருபது நிமிடத்திற்கு ஒரு வண்டியே வரும். அங்குள்ள பல நடைமேடைகளின் மேலே மூன்று மஞ்சள் விளக்குகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. அவை ஒளிர்ந்தால் நடத்துநர் கதவுகளை மூடாமல் வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். அருகில் வந்துகொண்டிருக்கும் மற்றொரு வண்டியின் பயணியர் மாறி ஏறுவதற்கென அளிக்கப்படும் குறிப்பு அது.

கடைசி வண்டியின் கணக்கு

மேற்கண்ட கணக்குகள் அனைத்தையும் புரட்டிப்போடுவது அன்றைய கடைசி வண்டி. அதைத் தவறவிட்டவர் இழப்பது இருபது நிமிடமன்று, ஓர் இரவு. அவர் வாடகை ஊர்திக்கு ஒருநாள் ஊதியத்தைச் செலவிட நேரலாம். விடியும்வரை நிலைய வாயிலில் அமர்ந்திருக்க நேரலாம். எனவே, கடைசி வண்டிக்கு மட்டும் ‘காத்திருத்தல்’ என்பதே பொருத்தமான விதியாகிறது.

ஜப்பானின் தோக்கியோ நகரில் கடைசி வண்டிக்கெனத் தனிச்சொல்லே வழங்குகிறது. அதனை ‘சூதென்’ என்பர். நகரின் நடுவே 34.5 கிலோமீட்டர் நீளமுள்ள யமனோட்டே வட்டத் தடம் சுற்றிவர, அதன் முப்பது நிலையங்களுள் பலவற்றிலிருந்து வெவ்வேறு நிறுவனங்களின் தடங்கள் புறநகர்களை நோக்கிப் பிரிகின்றன. ஒரு தடத்தின் கடைசி வண்டி மற்றொரு தடத்தின் கடைசி வண்டிக்குப் பயணியரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரு கண்ணி தாமதித்தால் சங்கிலி முழுவதும் அசையும்.

2021ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று கிழக்கு ஜப்பான் தொடர்வண்டி நிறுவனம் தோக்கியோ வட்டாரத் தடங்கள் பலவற்றில் கடைசி வண்டியின் நேரத்தை ஏறத்தாழ முப்பது நிமிடம்வரை முன்னே கொண்டுவந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் இரவுப் பயணியர் குறைந்தது ஒரு காரணம். இரவுப் பராமரிப்புப் பணிக்கு ஆள் கிடைப்பது அரிதானது மற்றொரு காரணம். கடைசி வண்டிக்கும் விடியற்காலை முதல் வண்டிக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்திலேயே தண்டவாளங்களையும் மின்கம்பிகளையும் சீர்செய்தாக வேண்டும். ஒரு நிறுவனம் நேரத்தை மாற்றினால் அதனோடு இணையும் தடங்களும் மாறியாக வேண்டும் என்பதால், தோக்கியோ மெட்ரோவும் தனியார் நிறுவனங்கள் பலவும் அந்நாளையொட்டித் தத்தம் கடைசி வண்டிகளை முன்னே நகர்த்தின.

இங்கே இருவகை இரவுத் தொழிலாளர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவர் பணி முடிந்து வண்டியில் ஏறக் காத்திருப்பவர். மற்றவர் அவ்வண்டி சென்ற பின்னர் தண்டவாளத்தில் இறங்கிப் பணியாற்றக் காத்திருப்பவர். முன்னவருக்குக் கூட்டும் அரைமணி பின்னவரிடமிருந்து குறைக்கும் அரைமணி. நியூயார்க்கில் முதன்மைத் தடங்கள் பலவற்றில் நான்கு இருப்புப் பாதைகள் இருப்பதால் இரண்டில் வண்டி ஓட, இரண்டில் பணி நடைபெறலாம். இரு பாதைகள் மட்டுமே உள்ள நகரங்களில் இருவர் தேவையையும் சீர்தூக்கியே கடைசி வண்டியின் நேரம் முடிவு செய்யப்படுகிறது. மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்பதும், எந்தக் கடைசி வண்டி எந்த இணைப்பைத் தரும் என்பதை நிலையங்களில் தெளிவாக எழுதிவைப்பதும் அம்முடிவை நேர்மையுடையதாக்குகின்றன.

எண்களில் எழுதப்பட்ட வாக்குறுதி

கால அட்டவணை என்பது வெறும் எண்களின் பட்டியலாகவே தோன்றும். அதன் ஒவ்வொரு வரியும் உண்மையில் ஒரு வாக்குறுதி. ‘இந்நிலையத்தில் இறங்குக; உன்னை ஏற்றிச் செல்ல மற்றொரு வண்டி நிற்கும்’ என்று நகரம் தன் குடிமக்களுக்குக் கூறும் உறுதிமொழி அது. பகலில் அவ்வாக்குப் பொய்த்தாலும் மூன்று நிமிடத்தில் மறந்துவிடும். இரவில் பொய்த்தால் பயணியர் மீண்டும் அவ்வண்டியை நம்பமாட்டார். கடன் வாங்கியேனும் இருசக்கர ஊர்தி வாங்குவார். அல்லது இரவுப்பணியையே கைவிடுவார்.

பெரும்பொருட்செலவில் சுரங்கம் தோண்டி, பாலம் எழுப்பி, வண்டிகள் வாங்கிய பின்னரும், இரு தடங்களின் அட்டவணைகள் ஒன்றையொன்று அறியாதிருந்தால் அப்பெருமுயற்சியின் பயன் கடைசிப் பயணியைச் சென்றடைவதில்லை. வெவ்வேறு துறையினரும் நிறுவனத்தினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து நிமிடங்களைப் பகிர்ந்துகொள்ளும் மனப்பான்மையே அதற்கு வேண்டுவது. ஒரு நகரின் பொதுப் போக்குவரத்து எத்தகையது என்பதை நண்பகல் நெரிசலில் அளப்பதைவிட, நள்ளிரவில் வண்டி மாறும் ஒரு தொழிலாளி எத்தனை நிமிடம் காத்திருக்கிறார் என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வழியாகச் செல்லும் கடைசிப் பேருந்து அல்லது தொடர்வண்டியின் நேரத்தைக் கேட்டறிந்து, அதனோடு இணையும் பிற வண்டிகளின் நேரங்களைப் பட்டியலிடுக.

2. ஒரு தடத்தில் 12 நிமிடத்திற்கு ஒரு வண்டியும் மற்றொரு தடத்தில் 18 நிமிடத்திற்கு ஒரு வண்டியும் இயங்குகின்றன. அவை 9.00 மணிக்குச் சந்தித்தால் அடுத்து எப்பொழுது சந்திக்கும்? இவ்விடைவெளிகளை எவ்வாறு மாற்றியமைக்கலாம்?

3. ‘இணைப்பு வண்டி காத்திருக்க வேண்டும்’, ‘குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும்’ என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஒருவரிடம் அவரது பயண நிலையைக் கேட்டறிந்து, இணைப்பு வண்டியின் நேரத்தைச் சீர்செய்ய வேண்டிப் போக்குவரத்து அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.